வெளிநாட்டில் களையெடுத்தவள்

உலகம் சுற்றக் கிளம்புவதற்கு முன்னால், முதுகுப்பையில் அரிசியைக் கட்டிக்கொண்டு தினமும் ராஜகிரி மலை ஏறினேன். பையின் கனத்தோடு நடந்து பழக வேண்டும் என்று இணையத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். செஞ்சியில் பிறந்தவளுக்கு மலைக்கா பஞ்சம்? ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் கோட்டை ஏறுவதில்லை. அது வெளியூர்க்காரர்கள் வேலை. நாங்கள் பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு சரி. அதனால் வெயிலில் மூட்டை சுமந்து ஏறுகிற பெண்ணைப் பார்த்ததும், இது ஏதோ வேண்டுதல் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"எந்தக் கோயிலுக்கும்மா வேண்டிக்கினு இருக்கற?" என்று கோட்டை வாசலில் இளநீர் விற்கும் அம்மா கேட்டார்.

"ஏழெட்டு நாடு பாக்கணும்னு" என்றேன்.

"நல்ல மாப்ளயா கெடைப்பான், போ" என்று ஆசீர்வதித்தார். காதில் என்ன விழுந்தாலும், தங்களுக்கு வேண்டியதைத்தான் கேட்டுக்கொள்வது என்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு.

சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மூன்று பேரோடு ஒரு அறையில் நெருக்கியடித்துத் தங்கி, சினிமா, துணி எதுவும் இல்லாமல் மிச்சம் பிடித்த காசில்தான் கிளம்பினேன். வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னபோது அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "உன் காசு, போய்ட்டு வா. ஆனா எவன் கையையும் எதிர்பாத்து நிக்காத" என்றார். அவ்வளவு சுலபமாக விடுவார் என்று நான் நினைக்கவே இல்லை. சண்டைக்கென்று தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போனது.

முதல் சில மாதங்கள் அவருக்குத்தான் கொண்டாட்டம். இரவுப் பயண பஸ் கிடைத்தால் அறை எடுப்பதில்லை என்பது என் சட்டம். இலங்கையில் ரயில் படிக்கட்டில் உட்கார்ந்து போனேன். தாய்லாந்தில் ஒரு புத்த மடத்துக் கூடத்தில் படுத்துக்கொண்டேன். லாவோஸில் பெரிய ஆற்றில் போன சரக்குப் படகில், அரிசி மூட்டைகளின் மேல் இரண்டு நாள் மல்லாந்து கிடந்தேன். அதைச் சொன்னதும் நைனா போனிலேயே அதட்டினார். "மூட்ட மேல வெறுமனே படுத்தா இடுப்பு புடிச்சிக்கும். வைக்கோல் இருந்தா போட்டுக்கினு படு." மூட்டை விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. நெல் வந்து குவிகிற செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் அவர் வருஷக்கணக்காக மூட்டை தூக்கியவர். நான் சொல்வதையெல்லாம் மறுநாள் காலை டீக்கடையில் கொஞ்சம் கூட்டிச் சொல்வார் என்று அம்மா சொன்னாள். படகு கப்பலாகியிருந்ததாம்.

வியட்நாம், கஜகஸ்தான் என்று போய், கையில் இருந்தது கரைய ஆரம்பித்த சமயத்தில் ஜார்ஜியா வந்து சேர்ந்தேன். கருங்கடலை ஒட்டிய மலைநாடு. அங்கே மேட்டு கிராமம் ஒன்றில் ஒரு வயதான தம்பதி, தங்கள் நிலத்தில் காலை வேளையில் கூட வேலை செய்கிற பயணிகளுக்குப் படுக்கையும் சாப்பாடும் கொடுப்பதாக விளம்பரம் செய்திருந்தார்கள். விண்ணப்பத்தில் 'விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள்' என்று பெருமையாக எழுதினேன். உடனே வா என்று பதில் வந்தது.

எழுதியது பொய் இல்லை. ஆனால் நான் என் வாழ்நாளில் ஒரு செடியைப் பிடுங்கியதில்லை. நைனா விட்டதில்லை. மூட்டை தூக்கிய காசில் அவர் வாங்கிய காணி நிலம் ஊருக்கு வெளியே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கொல்லை என்போம். அங்கே நான் போனால் வரப்பிலேயே நிறுத்திவிடுவார். "எறங்காத. பொஸ்தகத்த வெச்சிக்கினு அங்கயே உக்காரு." அம்மாவும் கூலிப் பெண்களும் குனிந்து களையெடுப்பார்கள். நான் வேப்பமர நிழலில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகவே ஜார்ஜியாவில் முதல் நாள் காலை, விவசாயக் குடும்பத்துப் பெண் அவரைச் செடிகளை வரிசையாகப் பிடுங்கிப் போட்டாள். களையை அப்படியே விட்டுவிட்டாள். அந்த வீட்டு அம்மா பார்த்ததும் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. மொழி புரியவில்லை, திட்டு நன்றாகவே புரிந்தது. திட்டி முடித்ததும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, இந்த இலை வேண்டும், இந்த இலை வேண்டாம் என்று கையைப் பிடித்துக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் குந்தியபடியே வரிசை வரிசையாக நகர்ந்தோம். எனக்குக் குந்தி உட்காரத் தெரிந்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம். எனக்கு முன்னால் வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் முழங்கால் மடங்காமல் தவித்ததை நடித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மத்தியானம் ஒரே மேசையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, அவரைக் குழம்பு. முதலில் என் தட்டில்தான் விழும்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, தலையில் துண்டு, கையில் களைக்கொத்து, முகமெல்லாம் மண்ணாக அந்த அம்மாவோடு நான் குந்தியிருக்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். நான் அழகாக இருந்த படங்களில் அது ஒன்று, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அது டீக்கடைக்குப் போய்ச் சேர அரை நாள்கூட ஆகவில்லை.

"இன்னாபா, உம் பொண்ணு ஃபாரின்ல களையெடுக்குதாமே?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் சிரித்தாரா என்று தெரியாது. நைனாவுக்கு அது சிரிப்பாகத்தான் கேட்டிருக்கும்.

போன் வந்தது. வணக்கம் வாழ்த்து எதுவும் இல்லை.

"கூலி குடுக்கறாங்களா?"

"இல்ல நைனா. சாப்பாடு, படுக்க எடம்."

அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பெரிய வீட்டில் மாடு மேய்த்தார். சம்பளம் கிடையாது, வெறும் சோறு. அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். அது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. ஆனால் அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"சோத்துக்கு வேல செய்யறதுக்கு இன்னா பேரு தெரியுமா உனக்கு? எவன் நெலத்துலயும் நீ குனியக் கூடாதுன்னுதான் நான் மூட்ட தூக்குனேன். நீ ப்ளைட் ஏறிப் போய்க் குனியறயா?"

"என்ன யாரும் ஏவல நைனா. அவங்களும் கூடவே உக்காந்து எடுக்கறாங்க. ஒரே மேசையில சாப்டறோம்."

"எவ்ளோ வேணும் சொல்லு. மல்லாட்டய வித்து அனுப்பறேன். இன்னைக்கே பையக் கட்டிக்கினு கெளம்பு."

மல்லாட்டை என்றால் எங்கள் ஊரில் வேர்க்கடலை. அவர் வருஷம் முழுக்க நம்பியிருக்கிற பயிர். அதை என் படுக்கைக்காக விற்கிறேன் என்றதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அனுப்பினா திருப்பி அனுப்புவேன். நான் வர மாட்டேன்."

"அப்போ என்கிட்ட பேசாத."

போன் கட்டானது.

அன்று மத்தியானம் உண்மையிலேயே பையைக் கட்டினேன். அழுதுகொண்டேதான் கட்டினேன். நைனா பேசாமல் போனால் எனக்குத் தாங்காது, அதை மறைப்பதற்கில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதில் நிற்கிற ஆள். நான் இன்னும் எத்தனை நாடு பார்த்தாலும் அதைச் சொல்ல வீட்டில் அவர் இல்லை என்றால் பார்த்து என்ன பயன்? ஆனால் பை ஜிப்பை இழுக்கும்போது வேறொன்று தோன்றியது. இப்போது போனால், களையெடுத்தது கேவலம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் ஐந்தாவது படிக்கிற வரைக்கும் அம்மா ஊரார் கொல்லையில் அதைத்தான் செய்தாள். அவள் செய்தது கேவலமா? இல்லை என்றால் இதுவும் இல்லை. பையைப் பிரித்து அதே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சாயங்காலம் மறுபடியும் நிலத்தில் இறங்கினேன். அம்மாவுக்கு போன் போட்டு இதையே சொன்னேன். அவள் கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வேளைக்குச் சாப்டு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எங்கேயும் இப்படித்தான் தங்கினேன். ஆர்மேனியாவில் ஆப்ரிகாட் பழம் பறித்தேன். துருக்கியில் ஒரு ஆட்டு லாரியில் இடம் கிடைத்து, இறங்கும்போது ஆட்டு நாற்றத்தோடு இறங்கினேன். எல்லையில் ஒரு அதிகாரி என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, உள்ளே துணியும் களைக்கொத்தும் தவிர ஒன்றுமில்லை என்று ஏமாந்து போனார். களைக்கொத்து, ஜார்ஜியா அம்மா கிளம்பும்போது கொடுத்தது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் அம்மாவை அழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்பது பின்னால் கேட்கும் இருமலில் தெரியும். இருமுகிறவர் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ஆனால் அம்மாவின் கேள்விகள் மாறிவிட்டன. சாப்பிட்டாயா, தூங்கினாயா போய், "மண்ணு இன்னா கலரு?" என்று கேட்டாள். "அங்க இன்னா வெதைக்கறாங்க? தண்ணி எப்டிப் பாச்சறாங்க? மாடா, டிராக்டரா?" கல்யாணமான நாளிலிருந்து மண்ணின் நிறத்தைப் பற்றி அம்மா கவலைப்பட்டவள் இல்லை. நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி விவரமாகப் பதில் சொன்னேன், அந்த இருமலுக்கும் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாக.

புரட்டாசியில் திரும்பி வந்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அம்மா மட்டும் நின்றாள். என் கையை எடுத்துத் தடவிப் பார்த்து, "என் கை மாதிரியே ஆயிடுச்சு" என்றாள். வீட்டில் நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், குனிந்துகொண்டார். கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் அமாவாசை. மல்லாட்டை முற்றி, பிடுங்கியே ஆக வேண்டிய நேரம். கூலிக்கு வருகிற பெண்களெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். மாதா கோயில் தெருவிலிருந்து எங்களைப் போல அமாவாசைக்குப் போகாத அக்கா தங்கை இரண்டு பேர் மட்டும் வந்தார்கள். மலைக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். நான் துண்டைக் கட்டிக்கொண்டு கொல்லையில் இறங்கி, அம்மாவுக்குப் பக்கத்து வரிசையில் முதல் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினேன்.

"ஏறு மேல."

மாதக்கணக்கில் பேசாத மனிதர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ஏற மாட்டேன்."

"ஆளுங்க நாளைக்கு வருவாங்க."

"மழ இன்னைக்கே வருது. எவன் நெலத்துலயும் குனியக் கூடாதுன்ன. இது எவன் நெலம்? நீ வாங்குனதுதானே?"

"இதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?" குரல் உயர்ந்தது. அக்காவும் தங்கையும் கையை நிறுத்திவிட்டார்கள்.

அம்மா நிமிரவில்லை. செடியைப் பிடுங்கிக்கொண்டே, "நான் இத்தன வருஷம் குனிஞ்சேனே, அது அசிங்கமா உனக்கு?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. நைனா திரும்பித் தன் வரிசைக்குப் போனார். அன்று அவர் பிடுங்கிய வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. நான் விடாமல் பின்னாலேயே போனேன்.

மத்தியானம் வரப்பில் வரிசையாக உட்கார்ந்தோம். வேலைக்கு வந்தவர்களுக்கு நிலத்துக்காரர் தன் கையால் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். அக்காவுக்குப் போட்டார், தங்கைக்குப் போட்டார், அடுத்து எனக்கும் சோறு போட்டு, காரக்குழம்பு ஊற்றி, நான் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார். முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வரை காய் ஆய்ந்தோம். மழை எங்களுக்காகப் பொறுத்திருந்து, கடைசி மூட்டை வண்டியில் ஏறும்போது தூற ஆரம்பித்தது. ஆய்ந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் காயாகவே கூலி கொடுப்பது வழக்கம். அவரவர் குவியலிலிருந்து ஒரு பங்கு. நைனா கூடையோடு வந்தார்.

"நாளைக்கு வருவியா?" என்று அக்காவிடம் கேட்டு மடியில் கொட்டினார். தங்கையிடமும் கேட்டுக் கொட்டினார். என் முன்னால் வந்து நின்றார். சேலை கட்டாததால் எனக்கு மடி இல்லை. தலைத்துண்டை அவிழ்த்து விரித்தேன். என் பங்கை அளந்து கொட்டினார். அவர்களுக்குக் கொடுத்த அதே அளவு, ஒரு காய் கூடவும் இல்லை.

"நாளைக்கு வருவியா?"

"வர்றேன் நைனா" என்றேன். கையோடு சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட்டேன். "கிறிஸ்மஸ் வரைக்கும் வருவேன். அதுக்கப்புறம் மறுபடியும் கெளம்பணும்."

அம்மா பெருமூச்சு விட்டாள். நைனா காலிக் கூடையைக் கவிழ்த்து மண்ணைத் தட்டினார்.

"எந்த ஊரு?"

"கென்யா."

தூறல் வலுத்தது. அவர் கூடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தார். நான்கு அடி போய் நின்று, அம்மாவைக் கேட்கச் சொல்லாமல், என் முகத்தைப் பார்த்து அவரே கேட்டார்.

"அங்க இன்னா வெதைக்கறாங்க?"