என் கொம்பாத்ரே ராமிரோ

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஃபோர்மன் லைனை நிறுத்தினார். குளிர்சாதனப் பெட்டி செய்யும் எங்கள் தொழிற்சாலையில் மின்சாரம் போனாலொழிய லைன் நிற்பதில்லை. ஆகவே நான்தான் எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்து, கையிலிருந்த ஸ்க்ரூ ட்றைவரை மெல்லக் கீழே வைத்தேன். அவர் நேரே என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றினார். “உன்ரை கூட்டாளி ராமிரோ காலமை மாரடைப்பிலை போயிட்டார்” என்றார்.

உங்களில் பலருக்கு ராமிரோவைத் தெரியும். வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்து, தோசையைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்ட நரைமீசைக்காரர். “அந்தச் சிலி நாட்டு ஆள் உங்களுக்கு என்ன முறை?” என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் மழுப்பியிருக்கிறேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டுக்கு அழைக்கப்பட்டவள் தாதியான என் மனைவி. நான் அவளுடைய மூன்றாவது சூட்கேஸாக வந்தேன். எஸ்.எஸ்.ஸி. பரீட்சை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் கணக்கில் தோற்றவனுக்குக் குளிர்சாதனப் பெட்டிக்குக் கதவு பொருத்தும் வேலை கிடைத்தது. பெட்டியின் கதவை ஒருவர் தூக்கிப் பிடிக்க மற்றவர் ஆணி முடுக்க வேண்டும். மறுபக்கத்தில் ராமிரோ. என்னை “ஃபிளாக்கோ” என்பார். ஒல்லியன் என்று பொருள். முதுகில் அறைவார். என் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் சேர்ந்தால்தான் ஒரு வசனம் தேறும். மிச்சத்தை அவர் கற்றுத்தந்த நாற்பது ஸ்பானியச் சொற்கள் பார்த்துக்கொண்டன. அவர் பேசியதை இங்கே எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன்.

முதல் முறை வீட்டுக்கு வந்தபோது என் மனைவி, “இஞ்சேருங்கோ, குசினிக்குள்ளை மேசையைத் துடையுங்கோ” என்றாள். ராமிரோ கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தார்.

“குசினியோ? மேசையோ? உங்கட ஊருக்கும் அவங்கள் வந்தவங்களோ!”

ஸ்பானியத்தில் சமையலறை ‘கொசினா’, மேசை ‘மேசா’. உங்களுக்குப் போர்த்துக்கீசர், எங்களுக்கு ஸ்பானியர், ரெண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லி மேசையை அவரே துடைத்தார்.

அடுத்த ஆண்டு மகள் வாணிக்குக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் இருத்திக் குத்த வேண்டும். மைத்துனனுக்கு விசா கிடைக்கவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என் மனைவி அழுதாள். “எங்கட பிள்ளைக்கு இந்த நாட்டிலை ஆர் இருக்கினம்? நாளைக்கு எங்களுக்கு ஒண்டு நடந்தால் ஆர் தூக்கிறது?” என்றாள். மறுநாள் கதவைப் பிடித்தபடி ராமிரோவிடம் இதைப் புலம்பினேன்.

“மடிதானே வேணும்? என்னட்டை ஒண்டு இருக்கு” என்றார்.

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் குடும்ப டாக்டர் ஊசியை எடுக்க, கோட்டும் டையுமாகச் சம்மணமிட்டிருந்த ராமிரோ கண்களை இறுக மூடிக்கொண்டார். வாணி அழுததைவிட அவர் அழுததுதான் அதிகம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனால் ஆளே மாறியிருந்தார். முதுகில் அறை இல்லை. ஃபிளாக்கோ இல்லை. பகிடி இல்லை. “உஸ்தெத்” என்று தொடங்கினார். ஸ்பானியத்தில் அது “நீங்கள்”. நம்மிடையே நேற்றுவரை “டேய்” என்றவன் இன்று “நீங்கள்” என்றால் அது கோபம்தான். பத்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

“நீங்கள் ஏதும் விசர்க்கதை கதைச்சிருப்பீங்கள்” என்றாள் மனைவி. “அல்லது மரக்கறிச் சாப்பாடு குடுத்ததுக்கோ தெரியாது.”

ஒரு டப்பா வடையோடு கன்டீனில் அவர் முன் நின்று மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. ராமிரோ வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்தார்.

“ஸ்பானியர் எங்கட நாட்டைப் பிடிச்ச காலத்திலை பாதிரிமார் எல்லாருக்கும் ஞானஸ்நானம் குடுத்தவை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஞானத்தகப்பன் வேணும். அவர் பிள்ளையின்ரை அப்பாவுக்குக் கொம்பாத்ரே. கூடநிண்டு தகப்பனாய் இருக்கிறவர். பிடிச்சவங்கள் போயிட்டாங்கள், முறை எங்களோடை நிண்டிட்டுது. மலைப்பக்கத்திலை பிள்ளையின்ரை முதல் முடி வெட்டிறதுக்கும் கொம்பாத்ரே உண்டு. காது குத்துக்கு ஏன் இருக்கக்கூடாது?”

“அதுக்கு ஏன் என்னோடை கதைக்கிறேல்லை?”

“கதைக்கிறன்தானே! எங்கட ஊரிலை கொம்பாத்ரேயை ‘நீ’ எண்டு சொல்லமாட்டம். சண்டை பிடிக்கமாட்டம். இஞ்சை வேலை செய்யிற எங்கட நாட்டுப் பொடியள் கண்டவனையும் கொம்பாத்ரே எண்டிறது நீங்கள் மச்சான் எண்டிற மாதிரி. அது வாய்ப்பேச்சு. இது மடியிலை பிள்ளையை வைச்சு வந்த முறை.”

அந்த மரியாதைக்கு நான் வைத்த பரீட்சையையும் சொல்ல வேண்டும். ஒருநாள் என் கை வழுகிக் கதவு அவர் காலில் விழுந்தது. பெருவிரல் முறிந்தது. பழைய ராமிரோ என்றால் அவருடைய வசவுக்கு என் பரம்பரை முழுவதும் எழுந்து பதில் சொல்லியிருக்கும். அவர் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, “பரவாயில்லை, கொம்பாத்ரே. தயவுசெய்து கதவை எடுங்கோ” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “உங்களைக் கொம்பாத்ரே ஆக்கினது பிழையாப் போச்சு” என்றார்.

இறுதிச் சடங்கில் தேவாலயத்தின் கடைசி வாங்கில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். அவருடைய மனைவி எலேனா ஆள் அனுப்பி என்னைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மற்றவர்கள் முழந்தாளிட்டபோது நின்றேன். நின்றபோது முழந்தாளிட்டேன். வெளியே வந்ததும், “இனி வாணிக்கு ஆளில்லை” என்றேன்.

“ஆர் சொன்னது?” என்றார் எலேனா. “அவர் போனால் முறை போகுமோ? அவர் கொம்பாத்ரே எண்டால் நான் கொமாத்ரே. நான் இருக்கிறன்.”

போன கிழமை வாணியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அவசரத்துக்கு அழைக்க ஓர் உறவினர் பெயர் வேண்டும் என்றது படிவம். எலேனாவின் பெயரை எழுதி, முறை என்ற இடத்தில் கொமாத்ரே என்று எழுதினேன். அலுவலகப் பெண் புருவத்தை உயர்த்தினாள். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, பாதிரிமாரில் தொடங்கிக் காது குத்து வரை பத்து நிமிடம் விளக்கினேன். அவளுடைய பேனா அந்தரத்தில் நின்றது.

“அப்படியென்றால், குடும்பம்?” என்றாள்.

ராமிரோவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். “ஓம், குடும்பம். அப்படியே எழுதுங்கோ” என்றேன்.