எண்ணமில்லாமல் நடந்தவர்

மர்பி டவுனில் நாங்கள் குடியிருந்தபோது அடுத்த பங்களாவில் ஒரு வக்கீல் இருந்தார். எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாதவர். அத்துமீறி நுழைந்த வழக்குகளில் வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டையே தலையாட்ட வைத்தவர். கோர்ட்டுக்குத் தினமும் குறுக்கு வழியில்தான் போவார். அந்தக் குறுக்கு வழி, எதிர்வீட்டுக் கீரைக்காரம்மாவின் பாத்தி.

"இது அத்துமீறல் இல்லையா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கெட்ட எண்ணத்தோட நுழைஞ்சாத்தான் குத்தம். எனக்குத்தான் ஒரு எண்ணமும் இல்லையே" என்றார், பூட்ஸில் ஒட்டிய முளைக்கீரையை என் வாசற்படியில் தேய்த்தபடி.

அந்த வாரமே கீரைக்காரம்மாவின் ஆடு அவர் தோட்டத்தில் புகுந்து ரோஜாச் செடியைத் தின்றுவிட்டது. அபராதம் கட்டும்வரை ஆட்டைப் பவுண்டுப் பட்டியில் அடைக்க அவரே கயிற்றைப் பிடித்து இழுத்துப் போனார், பாத்தி வழியாகவே.

கீரைக்காரம்மா குறுக்கே வந்து நின்றாள். "வாயில்லா ஜீவன் சாமி. அதுக்கு இன்னா எண்ணம் இருக்கப் போவுது?"

"ரோஜாவைத் தின்னணும்ங்கற எண்ணத்தோடதானே உள்ள வந்துச்சு?"

"அப்ப சரி சாமி, இட்டுக்கினு போங்க" என்று அவள் வழிவிட்டாள். "அதுக்காச்சும் எதுக்கு வர்றோம்னு தெரிஞ்சிருக்கு."

வக்கீல் அதைத் தமக்குச் சாதகமான சாட்சியமாக எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையும் அவர் பாத்தியில் நடந்து போவதைப் பார்த்தேன். முகத்தில் உண்மையிலேயே ஓர் எண்ணமும் இல்லை.