பெரிய மிஸ்ஸின் குளிர்காலம்

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு குரங்குக் குல்லா இருக்கிறது. நாவற்பழ நிறம். உச்சியில் பெருவிரல் தாராளமாக நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. மார்கழி பிறந்தால் அதை எடுத்து மொட்டை மாடியில் வெயில் காட்டுவேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் பூச்சி அரித்துவிட்டது என்று அனுதாபப்படுவார்கள். தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று என் கணவர் வருடம் தவறாமல் கேட்பார். பூச்சி இல்லை, மாட்டுக் கொம்பு என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். இன்று பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டேன்.

குல்லா பெரிய மிஸ்ஸுடையது. வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு சின்ன நர்சரிப் பள்ளிக்கூடத்தை அவர் நடத்திவந்தார். நான் படிப்பை முடித்து முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த இடம் அது. இரண்டு அறைகள், ஒரு மண் வாசல், ஓர் இரும்புக் கேட்டு. அவர் பெரிய மிஸ், நான் சின்ன மிஸ், நிர்வாகம் இவ்வளவுதான். கார்த்திகை தீபம் கழிந்த மறுநாள் காலையில் அவர் குல்லாவை மாட்டிக்கொள்வார். மாசி வரைக்கும் கழற்ற மாட்டார். கண், மூக்கு, வாய், பொட்டு, இவ்வளவுதான் வெளியே தெரியும். பூ வைக்காமல் பள்ளிக்கு வரக்கூடாது என்பது அவருடைய இன்னொரு கொள்கை என்பதால், குல்லாவின் பின்பக்கம் ஊசி குத்தி அதன்மேல் கனகாம்பரம் வைத்திருப்பார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் இரண்டு நாள் அவரைப் பார்த்து அழும். மூன்றாம் நாள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று அழும்.

எங்கள் ஊர்க் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போது கொஞ்சம் பல் கிட்டும். எட்டு மணிக்கு இதமாக இருக்கும். பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்து, விசிறியைத் தேட வைக்கும். இந்த இரண்டு மணி நேரச் சொத்தை வைத்துக்கொண்டு குளிர்காலம் கொண்டாட முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பெரிய மிஸ்ஸுக்கும் தோன்றியிருக்காது, பக்கத்து டவுனில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்தின் மஞ்சள் பஸ் மட்டும் எங்கள் தெரு வழியாக வராமல் இருந்திருந்தால்.

பஸ் தினமும் காலையில் எங்கள் கேட்டைத் தாண்டிப் போகும். பெரிய மிஸ் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே யார் புதிதாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் கண் தேடும். பொங்கல் கழிந்தால் பெற்றோர் அங்கே அடுத்த வருடத்துக்கு இடம் போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த மார்கழியில் லாரி டிரைவர் ஒருவரின் மனைவி எங்களிடம் நேராகவே வந்து சொல்லிவிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க மிஸ். அடுத்த வருசம் புள்ளையை அந்தப் பெரிய ஸ்கூல்ல சேத்தரலாம்னு இவ அப்பா சொல்றாருங்க. அங்க வெள்ளிக்கெழமையானா வின்டர் ஆக்டிவிட்டின்னு என்னென்னமோ பண்றாங்களாம். இவளை இன்னைக்கு என்ன படிச்சேன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறாளுங்க."

அந்தப் பெண்பிள்ளை போனால் அவளோடு ஒரே ஆட்டோவில் வரும் பிள்ளைகளும் போய்விடுவார்கள். ஆட்டோ வராவிட்டால் அந்தத் தெருவே போய்விடும். அந்தத் தெரு போனால் பள்ளிக்கூடத்தில் நானும் பெரிய மிஸ்ஸும் ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக்கொள்ள வேண்டியதுதான். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடிவைத்தார். பிறகு சொன்னார்: "நாமளும் பண்ணுவோம் சாமி, வின்டரு. நம்ம ஊருல குளிரு இல்லீன்னு எவன் சொன்னான்?"

இப்படித்தான் எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமைக் குளிர்காலம் தொடங்கியது. முதல் வாரம் வெள்ளை வாரம். சுவரில் பனி பெய்வது போல ஒட்டுவதற்காக வீட்டிலிருந்து பஞ்சோ நூலோ கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பாதிப் பிள்ளைகள் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் கிடந்த கழிவு நூலை ஆளுக்கொரு பை கொண்டுவந்தார்கள். சிவப்பு, கிளிப்பச்சை, ஆரஞ்சு, மயில் நீலம். வெள்ளை மட்டும் இல்லை. தறியில் அந்த மாதம் பொங்கல் சேலை ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்கு அவர்கள் எங்கே போவார்கள்? நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பெரிய மிஸ் அசரவில்லை. அத்தனையையும் ஒட்டச் சொன்னார். சாயங்காலம் வந்த அம்மாக்களிடம், "காத்தாலப் பனி வெள்ளைங்க, வெயில் பட்டா இப்படித்தான் மின்னும்" என்று முகம் மாறாமல் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள்.

இரண்டாம் வாரம் கம்பளி உடை. எங்கள் பக்கம் கம்பளிச் சட்டை யார் வீட்டில் இருக்கிறது? பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு சிலர் வந்தார்கள். ஒருவன் அப்பாவின் மழைக்கோட்டு. ஒருத்தி தாத்தாவின் மஃப்ளரைத் தலையிலிருந்து இடுப்புவரை சுற்றிக்கொண்டு, கையை எடுக்க முடியாமல், மற்றவர்கள் ஊட்டிவிட பிஸ்கட் தின்றாள். லாரி டிரைவரின் மகள்தான் அசல் சரக்கோடு வந்தாள். ஆப்பிள் ஏற்றக் காஷ்மீர் போன அவள் அப்பா அங்கே வாங்கிவந்த சால்வை. கழுத்தை ஆட்டக்கூட முடியாமல் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். பத்தரை மணிக்கு எல்லாருக்கும் வியர்த்து ஊற்றியது. நான் மின்விசிறியைப் போடப் போனேன். பெரிய மிஸ் பதறிப்போய்க் கையைப் பிடித்தார். "வின்டர்ல எவ ஃபேன் போடுவா? தெருவுல போறவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?" குல்லாவுக்குள் அவருக்கும் நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கடைசியில் இருவரும் ஸ்லேட்டால் பிள்ளைகளுக்கு விசிறிவிட்டோம்.

மூன்றாம் வாரம் ஒவ்வொரு பிள்ளையும் குளிர்காலத்தில் என்ன செய்வோம் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சுடு தண்ணீரில் குளிப்போம், கதகதப்பாகத் தூங்குவோம் என்று நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாரும் சொன்னார்கள். லாரி டிரைவரின் மகள் எழுந்தாள். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "டேங்குக்கு அடியில தீ மூட்டோணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான் பயந்துபோனேன். அப்புறம்தான் தெரிந்தது, மலைக் குளிரில் டீசல் உறைந்துபோகும் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார். ஜூனில் சேர்ந்ததிலிருந்து அவள் வகுப்பில் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவள் அம்மாவிடம் என்ன சொல்வது? இந்த வாரம் உங்கள் மகள் தீ வைக்கக் கற்றுக்கொண்டாள் என்றா?

ஆகவே எல்லாம் நான்காம் வெள்ளிக்கிழமையின் தலையில் விழுந்தது. அன்றைக்குப் பெற்றோரைக் கூப்பிட்டு, வாசலில் ஆளுயரப் பனிமனிதனை நிறுத்தி, பிள்ளைகள் சுற்றி நின்று பாடுவதாகத் திட்டம். பெரிய பள்ளியில் தெர்மாகோலில் செய்திருந்தார்கள்; போனில் போட்டோ வந்திருந்தது. பெரிய மிஸ் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிள்ளைகள் கையால் அள்ளிப் பிடித்துச் செய்ய வேண்டும், அதுதான் பனி என்றார். வெள்ளையாக, ஈரமாக, பிடித்தால் நிற்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் வேலை பார்க்கும் ஓர் அப்பாவிடம் சொல்லிவைத்தார். ஆலைகளில் குச்சிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, அரவை மும்முரமாக நடக்கும் காலம் அது. வியாழக்கிழமை அவர் டிவிஎஸ் வண்டியில் இரண்டு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். கிழங்கை அரைத்து மாவெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை. திப்பி என்போம்.

"மாவு வெளிய உட மாட்டாங்க மிஸ். இது மாட்டுக்குப் போடறதுதானுங்க, பரவால்லீங்களா?" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"அட, எதுல செஞ்சா என்ன? பாக்கறதுக்குப் பனி மாதிரி இருந்தாச் செரி" என்றார் பெரிய மிஸ்.

திப்பி மாட்டுத் தீவனம் என்பது எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியும், பெரிய மிஸ்ஸுக்குத் தெரியும், கொண்டுவந்தவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஒருவருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் முழுக்கப் பிள்ளைகள் அள்ளி அள்ளி அப்பினார்கள். தொந்தி வந்தது, தலை வந்தது. கண்ணுக்குப் புளியங்கொட்டை, மூக்குக்கு ஒரு கேரட். கொஞ்சம் புளித்த வாடை அடித்ததைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் பெரிய மிஸ் தன் குல்லாவைக் கழற்றி அதன் தலையில் மாட்டினார். மார்கழியில் அவருடைய காதை நான் பார்த்தது அன்றுதான்.

"கேட்டை அகலமாத் தொறந்து வையி சாமி. ரோட்டுல போறவங்க எல்லாரும் பாக்கோணும். அந்த மஞ்ச பஸ்ஸு டிரைவரும் பாக்கோணும்" என்றார். திறந்து வைத்தேன்.

வாடகை நாற்காலிகளில் பெற்றோர் வந்து உட்கார்ந்தார்கள். லாரி டிரைவரின் மனைவி கடைசி வரிசையில், மடியில் பையை வைத்துக்கொண்டு, எழுந்து போகத் தயாராக இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். பெரிய மிஸ் அவரைப் பார்ப்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதுமாக இருந்தார். சேலை முந்தானையை முறுக்கி முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். இரண்டாவது வரியில் கேட்டு வழியாக ஒரு செவலைப் பசு உள்ளே வந்தது.

அதற்கு அவசரமே இல்லை. கழுத்தில் அறுந்த கயிறு தொங்க, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, தாமதமாக வந்த விருந்தாளியைப் போல நடந்து வந்தது. முதலில் கேரட்டைத் தின்றது. பிறகு முகத்தைத் தின்றது. நான் ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு "ஹை, ஹை" என்று ஓடினேன்; அது வாலால் என் கண்ணாடியைத் தட்டிவிட்டது. சேகோ ஆலைக்காரர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தொந்திக்கு வந்தது. பாட்டு நின்றுவிட்டது. பெரிய மிஸ்ஸின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தில் பள்ளிக்கூடமே மூடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது ஒரு குரல் கேட்டது. இத்தனை மாதமும் எங்கே ஒளித்துவைத்திருந்தாள் என்று தெரியாத குரல். "அம்மா! நம்ம லட்சுமி! நம்ம லட்சுமி பனி திங்குது!" லாரி டிரைவரின் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வரும் வழியில் கட்டிவிட்டு வந்த மாடு அவருடையதுதான். முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. அப்புறம் எல்லாப் பிள்ளைகளும். அப்புறம் பெற்றோர். பெரிய மிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மிச்ச மானத்தையெல்லாம் திரட்டி, பிள்ளைகளைப் பார்த்துப் பாடத்தின் கடைசிக் கேள்வியைக் கேட்டார். "சொல்லுங்க கண்ணுகளா. வெயில் வந்ததும் பனி எங்க போச்சு?"

"மாட்டு வயித்துக்கு!" என்று பள்ளிக்கூடமே கத்தியது.

லட்சுமி தலையை நிமிர்த்தியது. கொம்பில் நாவற்பழ நிறக் குல்லா குத்தி மாட்டியிருந்தது, கனகாம்பரத்தோடு. அப்படியே கேட்டு வழியாக வெளியே போய்த் தெருவில் நடந்தது. எதிரே வந்த மஞ்சள் பஸ் நின்று அதற்கு வழிவிட்டது. ஜன்னல் ஜன்னலாகப் பிள்ளைகள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் லாரி டிரைவரின் மனைவி துவைத்துக் காயவைத்த குல்லாவோடு வந்தார். பெரிய மிஸ் எழுந்து நின்றார். "இவ ராத்திரியெல்லாம் தூங்கவே இல்லீங்க மிஸ், பேச்சு, பேச்சு. தெருவுல ஒரு ஊடு பாக்கியில்ல. சொவத்துல ஒட்டுனது, வேர்த்து ஊத்துனது, எல்லாத்தையும் சொல்லிட்டா. அவ அப்பாவுக்குப் போனைப் போட்டு, உங்க பனியை நம்ம லட்சுமி தின்னுருச்சுங்கறா. அவரு லாரியை ஓரங்கட்டிட்டுச் சிரிக்கறாருங்க." குல்லாவை மேசைமேல் வைத்தார். "ஏனுங்க மிஸ், அந்தப் பெரிய ஸ்கூலுக்குள்ள மாடு வந்தா உடுவாங்களா?"

"உட மாட்டாங்க. அங்க கேட்டுல வாட்ச்மேன் இருக்காரு" என்றார் பெரிய மிஸ், அடிபட்ட குரலில்.

"அப்ப இவ இங்கயே இருக்கட்டுமுங்க."

அவர் போனதும் பெரிய மிஸ் ஓட்டைக் குல்லாவை மாட்டிக்கொண்டு, அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, அடுத்த வருடம் திப்பிக்கு இப்போதே சொல்லிவைத்துவிட வேண்டும் என்றார்.

எனக்குக் கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்தபோது குல்லாவை எனக்குக் கொடுத்தார். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான் தூரம். இருந்தாலும், "அங்க ஏற்காட்டுக் காத்து அடிக்கும் சாமி" என்றார். ஓட்டையைத் தைத்துத் தரட்டுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் தைக்கவில்லை. முட்டி வலி வந்த பிறகு பள்ளியைத் தங்கை மகளிடம் விட்டுவிட்டு, இப்போது எடப்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் இங்கே சேலத்திலேயே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் மழலையர் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆமாம், மஞ்சள் பஸ் உள்ள பள்ளிக்கூடம்தான். எங்கள் குளிர்கால வாரத்துக்கு ஏசி அறை உண்டு, நுரையைப் பனியாகத் தூவும் மிஷின் உண்டு. பிள்ளைகள் அதில் புரண்டு ஆடுகிறார்கள். அவர்கள் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் அந்த அறைக்குள் நுழைந்தால் கண் தானாக வாசல் பக்கம் போகிறது.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் பனி பெய்தது. ஓட்டைக் குல்லாவை மாட்டிக்கொண்டு நின்றிருந்தபோது பெரிய மிஸ்ஸின் போன் வந்தது. வருடா வருடம் அந்த நாளைத் தெரிந்துவைத்துக்கொண்டு கூப்பிடுவார்.

"என்ன சாமி, கேட்டைத் தொறந்து வெச்சிருக்கியா?"

"இல்லீங்க மிஸ். வாட்ச்மேன் சாத்திட்டாரு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்பறம் பனி எப்படிச் சாமி கரையும்?"