கித்தோவில் கை நனைத்த கதை

எங்கள் ஜமுனாமரத்தூர் சந்தையில் சின்னக்குழந்தையிடம் புளி வாங்கியவர்களுக்குத் தெரியும், அவள் வாய் லேசில் ஓயாது. தென் அமெரிக்காவில் ஈக்வடாரின் தலைநகரம் கித்தோவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து புளியை விட்டுவிட்டு அந்த ஊரைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறாள்.

மகள் நிவேதாவுக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. டிக்கெட் அனுப்பி அம்மாவை வரவழைத்தாள். ஊர் சுற்றிக் காட்ட ஆந்த்ரேஸ் என்ற உள்ளூர்ப் பையனும் கூடவே வந்தான். அவனைத்தான் கட்டிக்கொள்ள ஆசை, ஆனால் அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நிவேதா முதல் நாளே சொல்லிவிட்டாள். சின்னக்குழந்தை பதிலே பேசவில்லை. அவள் வாய் மூடியிருந்ததாக நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பழைய தெருக்களையும் தங்கம் பூசிய சர்ச்சையும் பார்த்தாள். கண்ட கடையிலும் வாங்கிச் சாப்பிட்டாள். ஆனால் ஆந்த்ரேஸ் வீட்டில் அவன் அம்மா ரோசா சூப்பு வைத்தபோது வயிறு சரியில்லை என்று சொல்லித் தொடவே இல்லை. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பாவம், ரோசாவுக்கு இது எப்படித் தெரியும்? தன் சமையல்தான் பிடிக்கவில்லை என்று நினைத்து முகம் வாடிப்போனாள். நிவேதாவுக்கு விஷயம் புரிந்தது.

மறுநாள் கேபிள் காரில் மலைக்குப் போனார்கள். இறங்கிக் கொஞ்ச தூரம் ஏறியதும் சின்னக்குழந்தைக்கு மூச்சு வாங்கியது. மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு முடியவில்லை என்று சொல்ல வாய் வருமா? வீம்புக்கு ஏறினாள். அப்போது ஆந்த்ரேஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டான். தன்னால் முடியவில்லை, சற்று இருந்துவிட்டுப் போகலாம் என்று நிவேதா மூலம் கெஞ்சினான். பெரிய மனது பண்ணி இவளும் உட்கார்ந்தாள். வாராவாரம் அதே மலையில் ஓடுகிறவன் அவன் என்று நிவேதா சொல்லியிருந்தாள். இவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் முகத்தில் பொட்டு வியர்வைகூட இல்லை. யாருக்காக உட்கார்ந்தான் என்று புரிந்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது.

கீழே வந்ததும் ரோசா வீட்டுக்குப் போகலாம் என்றாள். போய்க் கை கழுவிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். ரோசா பயந்து பயந்து உருளைக்கிழங்கு சூப்பு வைத்தாள். சின்னக்குழந்தை ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு, கிழங்கைக் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நிவேதா அழுதுவிட்டாள். ரோசா ஒன்றும் புரியாமல் பதறினாள்.

"இன்னாத்துக்குடி அழுவுற? உங்க அத்தகிட்ட சொல்லு, உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள் சின்னக்குழந்தை.