வடித்த தண்ணீரில் வைத்த சொதி

எனக்கு எழுபத்தொன்பது வயது. வளர்த்தெடுத்தது ஆறு பிள்ளைகளை. ஐந்து நான் பெற்றவை. ஆறாவது என் மச்சாள், அதாவது என் புருஷனின் தங்கை, பெற்றுவிட்டுப் பார்க்க நேரமில்லை என்று, நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் இருந்த ஒற்றை அறையில் விட்டுப்போனவன். அப்படிப்பட்ட மச்சாள்தான் இந்த மாரியில் என்னைப் பார்த்துக்கொள்ள யூனியன்வில்லிலிருந்து வந்தாள்.

எனக்குக் கண்ணில் ஒப்பரேசன். அடுப்புப் பக்கம் போகவேண்டாம் என்றார்கள். கண் பெரிய காரியமில்லை, சிறுநீரகம்தான் காரியம். அது பாதிக்குமேல் செத்துப் பல காலம். மிச்சத்தை என் சமையலால் காப்பாற்றி வைத்திருக்கிறேன். பொட்டாசியம் என்ற உப்பு இரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். அது உருளைக்கிழங்கில் நிறைய உண்டு.

கிளினிக்கில் சாப்பாடு பற்றிச் சொல்லித்தருகிற தமிழ்ப்பிள்ளை எனக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். கிழங்கு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகளாம். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. அது தண்ணீரைப் போகவர விடும், பொட்டாசியத்தை மட்டும் உள்ளே பிடித்து வைத்திருக்கும். கொதித்தால் சவ்வு கெட்டுப்போகும். பிறகு கூட இருக்கிற இடத்திலிருந்து குறைய இருக்கிற இடத்துக்கு அந்த உப்பு தன்பாட்டில் போகும். ஒருவரும் தள்ளத் தேவையில்லை. கிழங்கிலும் தண்ணீரிலும் சரிக்குச் சரி வந்துவிட்டால் அதற்குமேல் குறையாது. ஆகவே சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, வடித்து ஊற்றி, புதுத் தண்ணீரில் திரும்பவும் அவிக்கவேண்டும்.

இதை நான் மச்சாளுக்குச் சொன்னேன்.

"ஓம் ஓம், இது எனக்குத் தெரியாதே?" என்றாள்.

இந்த ஓம் ஓம்காரரை எனக்குத் தெரியும். காதில் விழமுதலே தலையாட்டி முடித்துவிடுவார்கள்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து தந்து இறக்கினார்கள். இன்னொரு தரம் இப்படி ஏறினால் இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் போடவேண்டி வரும் என்றார் டொக்டர். மூத்த மகள் ஒஷாவாவிலிருந்து ஓடிவந்தாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. வாழைப்பழம் ஏதும் சாப்பிட்டனீங்களே?"

"இல்லை."

"மாமி சொல்லுறா, எல்லாம் வடிச்சுத்தான் சமைச்சவவாம்."

"அப்ப நான் களவாத் தின்னுறன் எண்டுறாய்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. இனி என்னோடை வந்திருங்கோ. சமையலை நான் பாக்கிறன்."

சொல்லவில்லையாம். என் வீட்டையும் என் சட்டிபானையையும் பறித்து, அவள் வீட்டு நிலக்கீழ் அறையில் என்னை இருத்துவதற்கு வேறு என்ன காரணம்?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் மேசையில் இடியப்பமும் கிழங்குக் கறியும் தேங்காய்ப்பால் சொதியும். மச்சாள் சொதியை அள்ளி ஊற்றினாள். எனக்குப் பார்வையிலேயே பிடிக்கவில்லை.

"மச்சாள், சொதி ஏன் களிமாதிரிக் கிடக்கு? என்ன விட்டனீங்கள்?"

அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "கிழங்கு வடிச்ச தண்ணி. ரெண்டு தரம் வடிச்சதையும் எடுத்து வைச்சனான். சத்தெல்லாம் அதுக்கைதானே இறங்கியிருக்கு. அதைச் சிங்குக்கை ஊத்துறதே? எனக்கு உந்த ஊதாரித்தனம் பழக்கமில்லை."

மகள் கையிலிருந்த இடியப்பத்தைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாள்.

"ஒவ்வொரு நாளுமோ மாமி?"

"பின்னை? வருத்தக்காரிக்குச் சத்து வேணுமெல்லோ."

எங்கள் சனத்துக்கு எதை அவித்தாலும் அந்தத் தண்ணீரை வெளியே ஊற்ற மனம் வராது. பருப்புத் தண்ணீர் ரசத்துக்கு, சோற்றுத் தண்ணீர் கஞ்சிக்கு. அது எனக்கும் தெரியும். ஆனால் அவளுக்குச் சொன்னது வடித்து ஊற்றச்சொல்லித்தான். வடித்தாள். ஊற்றினாள், என் இடியப்பத்தின் மேல்.

ஒஷாவாப் பேச்சை மகள் பிறகு எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மச்சாளோ அன்று பின்னேரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது நான் களவாகத் தின்பதாகவும், கண்டுபிடித்த தன்னைத் துரத்திவிட்டதாகவும் கோயிலில் சொல்லித்திரிகிறாளாம். நம்புவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு நின்ற என் கோணல் எழுத்தில் இதை எழுதினேன். எழுதி முடித்துப் பேத்தியிடம் நீட்டினேன்.

"இந்தா பிள்ளை, நீ தமிழ் வகுப்புக்குப் போறனி. இதை எனக்கு ஒருக்கா உரத்து வாசி. எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. என்ரை மச்சாள் வாற இடத்திலை குரலைத் தணிக்காதை."