புகைபோக்கியின் அடிச்சாம்பல்

எட்டாம் வகுப்பை நடுவில் விட்டவன் நான். வாழைச்சேனையில் ஐஸ் உடைத்தேன், கிரானில் நெல் அடித்தேன், லொறிகளில் சுமை ஏற்றினேன். ஓரிடத்தில் ஒரு வருடம் தங்கியதில்லை. வாவிக்கரையில் குப்பை எரிக்கும் உலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அந்த ஊருக்குப் போனேன். பாண் சுடும் அடுப்பைச் சொல்வது போல அதையும் ஊரார் போறணை என்றார்கள்.

ஷொப்பிங் பை, பிள்ளைகளின் பம்பஸ், வயர், செருப்பு, மீன் செதில் எல்லாம் ஒன்றாக உள்ளே போகும். நெருப்பு சூடு பிடிக்கும் முன்பே அடுத்த லோடு வந்துவிடும். காற்று விழுந்த காலைகளில் புகை மேலே ஏறாது. சரிந்து இறங்கி வாவியின் மேல் படுத்துக்கொள்ளும். தோணிக்காரரின் தலை மட்டும் அதற்கு மேலே தெரிந்து, உடம்பில்லாமல் நகர்ந்து போகும். மணம் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். முதலில் அது சோற்றிலும் இருந்தது. சில நாளில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

உலைக்குப் பின்னால் நாலாவது வளவில் ஒரு அக்கா வீட்டில் சாப்பாட்டோடு தங்கினேன். அவருடைய மகள் முதல் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். மருமகன் கட்டாரில்.

அக்காவின் கோழிகளுக்குப் பேன். செட்டையைத் தூக்கினால் கூட்டமாக ஓடும். சாம்பலில் புரண்டால் கோழிப்பேன் விடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் கேஸ் அடுப்பு வந்த வீட்டில் சாம்பல் ஏது?

“போறணையில வேல செய்யிற மனிசன் வீட்டில இரிக்கக்குள்ள, நான் சாம்பலுக்கு ஊரெல்லாம் திரியிறதா தம்பி?” என்றார்.

உலையின் வயிற்றில் கிடப்பது கட்டிச் சாம்பல், ஆணியும் கண்ணாடியும் கலந்தது. புகைபோக்கியின் அடிக்கதவைத் திறந்தால் விழுவதோ கோதுமை மா போல இருக்கும். நல்லதாகக் கொடுக்க வேண்டுமென்று அதைத்தான் உரப்பையில் கட்டிக்கொண்டு போய் வளவில் கொட்டினேன்.

ஒரு கிழமையில் பேன் ஒன்றுகூட இல்லை. சிவப்பும் கறுப்புமாக இருந்த கோழிகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகி வளவில் திரிந்தன. எது எதுவென்று அக்காவுக்கே தெரியவில்லை.

“என்ன கா, கோழியளுக்குப் பவுடர் போட்டு எங்க கூட்டிற்றுப் போறாய்?” என்று பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் கேட்டாள்.

“கலியாண வீட்டுக்கு. உனக்குச் சொல்லல்லயா? அப்ப நீ நில்லு,” என்றார் அக்கா.

முட்டை கூடியது. நாளுக்கு இரண்டு, நல்லெண்ணெயில் பொரித்து, மகளுக்கு. பிள்ளை பெற்றவளின் உடம்பு தேற ஊர்க்கோழி முட்டையைப் போல வேறில்லை என்பார்கள்.

ஒரு பகல், உலையைப் பார்க்கச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.

“இந்த மாச் சாம்பல் எங்க போகுது?”

“குழிக்குத்தான், சேர்.”

“முழுக்கவோ?”

“ஒரு பை கோழிக்குக் குடுத்தன்.”

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். பிளாஸ்டிக் சூடு போதாமல் எரிந்தால் ஒரு நஞ்சு உண்டாகும், கண்ணுக்குத் தெரியாது, இந்தத் தூளில்தான் அதிகம் ஒட்டும் என்றார். கோழி கொத்தினால் கொழுப்பில் தங்கும், அங்கிருந்து முட்டைக்குப் போகும். மனித உடம்பில் வருடக்கணக்கில் இருக்கும். தாயிடமிருந்து பாலுக்கும் போகும்.

இப்படி ஏதாவது நடந்தால் சொல்லாமல் பஸ் ஏறிவிடுவது என் வழக்கம். அன்றும் அறைக்கு வந்து உடுப்பைப் பையில் திணித்தேன். குசினியில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. பையை வைத்துவிட்டுப் போய்ச் சொன்னேன்.

அக்கா சிரித்தார். “கோழியும் சாகல்ல, திண்டவளும் சாகல்ல, இதென்ன நஞ்சு?”

ஒரு முட்டையைக் கோப்பையில் உடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கரு உடையாமல் நல்ல மஞ்சளாக நின்றது. அழுகியிருந்தால் எங்கள் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

மகள் சிரிக்கவில்லை. மடியில் பிள்ளை பாலுக்கு அழுதது. “அப்ப நான் இவனுக்குக் குடுக்கிறதா, இல்லையா? அதச் சொல்லுங்க அண்ணன்.”

அதை நான் கேட்டு வரவில்லை. உலைக்கு ஓடினேன். பரிசோதகர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்.

“பால நிப்பாட்ட வேணாம். புள்ளைக்கு அதவிட நல்லது ஒண்ணுமில்ல. முட்டைய நிப்பாட்டு, அந்தக் கோழியளையும் தின்னாதீங்க. சாம்பல் விழுந்த மண்ண வழிச்செடு.”

“உள்ள போனது, சேர்?”

“போனது போனதுதான். மெல்ல மெல்லக் குறையும்.”

திரும்பி வந்து ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முகம் அழுது சிவந்திருந்தது. பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அழுகை நின்றது.

அக்கா அடுப்பை அணைத்தார். நான் மண்வெட்டியோடு வளவில் இறங்கினேன். எவ்வளவு ஆழம் வழிப்பது என்று கேட்காமல் வந்துவிட்டேன். சுத்தமான மணல் தெரிந்த பிறகும் வழித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பிள்ளை விழுங்கும் சத்தம் கேட்டது.