ஒரு கத்தரிக்கோல், நான்கு சத்தியம்

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் இன்று காலை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. துணி வெட்டும் கத்தரிக்கோலைக் காணவில்லை. ஆகவே, வேலை செய்யும் ஐந்து பெண்களும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

நான்கு பேர் அணைத்தார்கள். அடுத்தது நான்.

"நான் எடுக்கலைங்க முதலாளி" என்றேன்.

"அத்த சூடத்த அணைச்சிட்டு சொல்லு."

"மாட்டேங்க."

முதலாளி தாராள மனசுக்காரர். "சரி, நீ வேதக்காரப் பொண்ணு. பைபிள் மேல கை வெச்சி சொல்லு."

அதுவும் முடியாது என்றேன். நாங்கள் அனபாப்டிஸ்ட் சபை. எதன் மேலும் சத்தியம் செய்வதில்லை. எப்போதும் உண்மை பேச வேண்டியவர்களுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு?

பக்கத்தில் நின்ற செல்வி அக்கா முழங்கையால் இடித்தார். "இன்னா புள்ள நீ! சாயம் போவாதுன்னு கஸ்டமருங்ககிட்ட தெனமும் சத்தியம் பண்ணிக்கினு இருக்கேன். எனக்கு இன்னா ஆயிடுச்சி?"

முதலாளியே சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சத்தியம் பண்ணாதவள எப்டிம்மா நம்பறது?" என்றார்.

எனக்குக் கொதித்தது. 'இவ பொய் சொல்ல மாட்டா' என்று போன மாதம் கல்லாச் சாவியை என் கையில் கொடுத்தவர் இவர்தான்.

சத்தியம் செய்து சொன்னால்தான் உண்மை என்றால், மற்ற நேரமெல்லாம் நீங்கள் பேசுவதற்கு என்ன பெயர்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

கல்லாச் சாவி இப்போது செல்வி அக்காவிடம் இருக்கிறது.